தொழிற்சாலைக்குள் ஓர் ஆய்வுகூடம்

மின்விளக்கு என்றதும் எடிசனின் பெயரே எவர்க்கும் நினைவில் எழும். ஆயின், 1879ஆம் ஆண்டில் எடிசன் ஏற்றிவைத்த விளக்கினுள் எரிந்தது கரியாக்கப்பட்ட பருத்தி நூல். இருபதாம் நூற்றாண்டில் உலகின் இல்லங்களையும் வீதிகளையும் ஒளிரச் செய்த விளக்கோ அதனின் வேறானது. அதன் இழை தங்குதன் என்னும் உலோகத்தால் ஆயது. அவ்விழை நுண்ணிய சுருளாகச் சுற்றப்பட்டிருந்தது. குமிழினுள் வெற்றிடத்துக்குப் பதிலாக, எளிதிற் பிற பொருள்களோடு சேராத ஒரு வாயு நிரப்பப்பட்டிருந்தது. தங்குதனை வளைந்து கொடுக்கும் கம்பியாக்கியவர் வில்லியம் கூலிட்ச். இழையைச் சுருளாக்கிக் குமிழினுள் வாயுவை நிரப்பியவர் இர்விங் லங்மூர். இவ்விருவரின் பெயர்களும் விஞ்ஞான வரலாற்றில் நிலைபெற்றுவிட்டன. ஆனால், இவ்விருவரையும் தேடி அழைத்து, ஒரே கூரையின் கீழ் இருத்தி, அவர்கள் கேட்ட கருவிகளையும் கேளாத அவகாசத்தையும் கொடுத்த மூன்றாமவர் ஒருவர் இருந்தார். விளக்கின் வரலாற்றை எழுதுவோரும் அவரை ஓரிரு வரிகளிற் கூறிக் கடந்துவிடுவர். வில்லிஸ் றொட்னி விற்னி என்னும் அவரே, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் கம்பெனியின் ஆய்வுகூடத்தை 1900ஆம் ஆண்டு முதல் 1932ஆம் ஆண்டு வரை நடத்தியவர்.

பெருந்தொழில் நிறுவனங்களில் ஆராய்ச்சிப் பணிப்பாளர் என்றொரு பதவி இருப்பது இக்காலத்தில் எவர்க்கும் வியப்பளிக்காது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அத்தகைய பதவிக்கு முன்மாதிரி இருந்ததென்று கூறுதல் அரிது. பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் நாடியது அறிவு. புதுப்பொருள் புனைவோர் தம் பட்டறையில் இருந்தார். அவர் நாடியது வேலை செய்யும் ஒரு கருவி. தொழிலதிபர் ஆலையில் இருந்தார். அவர் நாடியது ஆதாயம். ஜெர்மனியின் சாயத் தொழிற்சாலைகள் சிலவே இரசாயன அறிஞர்களைக் கூட்டமாக அமர்த்தி அவர்களின் ஆராய்ச்சியாற் பயனும் கண்டிருந்தன. அறிவு, கருவி, ஆதாயம் என்னும் இம்மூன்றையும் ஒருங்கிணைக்கும் பதவி எவ்வாறு உருவாயிற்று, அதில் அமர்ந்தவர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பவற்றை விற்னியின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகின்றது.

விற்னி 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி நியூ யோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்ரவுன் நகரிற் பிறந்தார். சிறுவயதிலேயே நுணுக்குக்காட்டி அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது. குளத்து நீரின் ஒரு துளியில் ஓர் உலகமே இயங்குவதைக் கண்ட சிறுவனுக்கு, கண்ணுக்குப் புலப்படாதவற்றைத் தேடும் ஆவல் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. அக்காலத்திற் பொஸ்ரன் நகரில் இருந்த மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனம் பயின்று 1890ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று, பௌதிக இரசாயனம் என்னும் புதிய துறையின் தந்தையருள் ஒருவரான ஒஸ்வால்ட் என்பாரிடம் லைப்சிக் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1896ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

திரும்பிய மறு ஆண்டிலேயே அவருடைய பெயர் இரசாயன நூல்களில் இடம்பெற்றது. ஒரு திண்பொருள் திரவத்தில் எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதைக் கணிக்கும் விதியொன்றை அவரும் அவருடைய ஆசிரியரான ஆர்தர் நொயிஸும் 1897ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அன்றியும், ஒளிப்படத் தாள் செய்யும் ஆலையில் ஆவியாகி வீணாகும் கரைப்பான்களை மீட்டெடுக்கும் முறையொன்றையும் இருவரும் வகுத்தனர். ஆய்வுகூடத்திற் கண்ட உண்மை ஆலையிற் பணமாகும் என்பதை விற்னி அப்பொழுதே நேரிற் கண்டுகொண்டார். எனினும் அவருடைய மனம் கல்லூரியிலேயே இருந்தது. மாணவர்க்குக் கற்பிப்பதும், தாம் விரும்பிய வினாவைத் தாம் விரும்பிய வழியில் ஆராய்வதுமே அவர் நாடிய வாழ்க்கை.

அவ்வேளையில், 1892ஆம் ஆண்டில் எடிசனின் கம்பெனியும் வேறொரு பெருங் கம்பெனியும் இணைந்து தோன்றிய ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம் ஒரு கலக்கத்தில் இருந்தது. கரியிழை விளக்கைப் பற்றிய எடிசனின் ஆக்கவுரிமை 1894ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதன் பின் அவ்விளக்கை எவரும் செய்யலாம் என்ற நிலை வந்தது. ஜெர்மனியிற் பேராசிரியர் நேர்ன்ஸ்ற் புதுவகை விளக்கொன்றைச் செய்திருந்தார். அதன் அமெரிக்க உரிமையைப் போட்டிக் கம்பெனியின் தலைவரான வெஸ்ரிங்கவுஸ் பெற்றுக்கொண்டார். இரசவாவி விளக்கொன்றும் உருவாகிக்கொண்டிருந்தது. தோரியம் ஒட்சைட்டைக் கொண்ட வலைத்திரியினாற் காஸ் விளக்கும் முன்னிலும் பலமடங்கு பிரகாசமாக எரியத் தொடங்கியிருந்தது. தோரியம் செறிந்த தோரியனைற்று என்னும் கனிமத்தை ஆனந்த குமாரசுவாமி 1904ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டெடுத்தபோது அதற்கு மேனாட்டில் உடனே மதிப்பு ஏற்பட்டமைக்கு இத்திரிகளே காரணம். ஆகவே, கரியிழை விளக்கையே நம்பியிருந்த கம்பெனிக்கு நாற்புறமும் ஆபத்து நெருங்கியது.

அக் கம்பெனியிற் பணிபுரிந்த ஸ்ரைன்மெற்ஸ் என்னும் கணித மேதை இவ்வாபத்தை நன்குணர்ந்தார். உடல் கூனிய சிறு மனிதர் அவர். அரசியற் கொள்கை காரணமாக ஜெர்மனியை விட்டு வெளியேறி வந்தவர். ஆலையின் அன்றாட வேலைகளிலிருந்து முற்றாக விலகிய ஓர் இரசாயன ஆய்வுகூடம் வேண்டும் என்று 1900ஆம் ஆண்டில் அவர் வற்புறுத்தினார். கம்பெனியின் துணைத்தலைவர் எட்வின் றைஸ் அதனை ஏற்றுக்கொண்டார். அதற்குத் தலைவராக விற்னி அழைக்கப்பட்டார். அவரோ தயங்கினார். அறிவைத் தேடும் சுதந்திரத்தைச் சம்பளத்துக்கு விற்பதாகுமோ என்னும் ஐயம் அக்காலத்துப் பேராசிரியர் பலருக்கும் இருந்தது. இறுதியில், கல்லூரிப் பதவியை விடாமல், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்துபோக இணங்கினார். பொஸ்ரனுக்கும் கம்பெனி அமைந்த ஸ்கெனெக்ரடி நகருக்கும் இடையே புகையிரதத்திற் பயணஞ் செய்வது அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று.

அவ்வாறு தோன்றிய ஆய்வுகூடம் மாளிகையன்று. ஸ்ரைன்மெற்ஸ் குடியிருந்த வீட்டின் பின்புறத்தில் வண்டிகளை நிறுத்துவதற்குக் கட்டிய கொட்டிலொன்றே அதன் முதல் இடம். அக்கொட்டில் 1901ஆம் ஆண்டில் தீயினால் அழிந்தது. ஆய்வுகூடம் ஆலையின் வளவுக்குள் இடம் மாறியது. விரைவில் விற்னியும் முழுநேரமாக அங்கேயே தங்கிவிட்டார். எனினும் அவர் தம் ஆராய்ச்சியை உடனே கைவிடவில்லை. இரும்பு துருப்பிடிப்பது மின்னிரசாயனச் செயலே என்பதை எடுத்துக்காட்டும் கட்டுரையொன்றை 1903ஆம் ஆண்டில் வெளியிட்டார். அரிமானம் பற்றிய பிற்கால அறிவுக்கு அது அடித்தளமாயிற்று. தனியாக ஆராயும் விஞ்ஞானியாக அவர் செய்த பெரும்பணிகளுள் அதுவே ஏறக்குறைய இறுதியானது.

ஆராய்ச்சிக்கென்று சம்பளம் பெறுவோர் தம் ஊதியத்துக்கு ஈடாக எதைக் கொடுத்தனர் என்ற வினா ஆலையில் விரைவில் எழுந்தது. அதற்கு முதல் விடையை விற்னி தம் கையாலேயே தந்தார். மின்சாதனங்களுக்குத் தேவைப்பட்ட சிறு கோல்களைச் சீராகச் சுடுவதற்காக அவர் ஒரு மின்னுலையை அமைத்திருந்தார். விளக்கின் கரியிழைகளை அந்த உலையிலிட்டு மிக உயர்ந்த வெப்பத்திற் சுட்டபோது, கரி ஓரளவு உலோகத்தின் தன்மையைப் பெற்றது. ஒரு மெழுகுவர்த்தியின் அளவான ஒளியைத் தருவதற்குப் பழைய கரியிழை விளக்கு ஏறத்தாழ 3 வாற்று மின்வலுவை உண்டது. புதிய இழையோ ஏறத்தாழ இரண்டரை வாற்றுடன் நின்றது. 1905ஆம் ஆண்டு முதல் இவ்விளக்கு சந்தையில் விற்பனையாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாக எடிசனின் விளக்கிற் கண்ட திருத்தங்களுள் இது குறிப்பிடத்தக்கதாகும். ஆய்வுகூடம் தன் செலவுக்குக் கணக்குக் காட்டிவிட்டது.

ஆனால் அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. ஐரோப்பியர் கரியை விட்டு உலோகத்துக்குப் போய்விட்டனர். ஒஸ்மியம் விளக்கும், அதன் பின் தந்தலம் விளக்கும் தோன்றின. 1904ஆம் ஆண்டில் ஒஸ்திரியா-ஹங்கேரியைச் சேர்ந்த யூஸ்ற், ஹனமன் என்னும் இருவர் தங்குதனால் இழை செய்தனர். உலோகங்களுள் மிக உயர்ந்த உருகுநிலை உடையது தங்குதன். அது 3,400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. எவ்வளவு வெப்பமாக இழையை ஏற்றலாமோ அவ்வளவு வெண்மையான ஒளி கிடைக்கும்; மின்சாரமும் மிச்சமாகும். சொந்த ஆய்வுகூடத்தை வைத்திருந்தும் ஜெனரல் எலெக்ரிக் கம்பெனி பிறநாட்டாரின் உரிமைகளைப் பெருந்தொகை கொடுத்து வாங்க நேர்ந்தது. தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் ஆராய முடியாது என்பதை விற்னி இதனாற் கற்றுக்கொண்டார். இனித் தம் வேலை ஆராய்வதன்று, ஆராயவல்லாரைத் தேர்ந்தெடுப்பதே என்று அவர் துணிந்தார்.

அவ்வாறு வந்தவரே கூலிட்ச். மசாசுசெற்ஸ் மாநிலத்திற் கமக்காரக் குடும்பத்திற் பிறந்து, லைப்சிக்கிற் பயின்று, விற்னி கற்பித்த அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1905ஆம் ஆண்டில் விற்னி அவருக்கு இரு மடங்கு சம்பளம் கொடுக்க முன்வந்தார். அதனினும் முக்கியமான மற்றொரு வாக்கையும் கொடுத்தார்: நேரத்திற் பாதியைக் கூலிட்ச் தாம் விரும்பிய ஆராய்ச்சியிற் செலவிடலாம். தம்மை ஐந்தாண்டுகளுக்கு முன் எவ்வெண்ணம் தயங்க வைத்ததோ அவ்வெண்ணம் பிறரையும் தயங்க வைக்கும் என்பதை அறிந்திருந்த ஒருவராலேயே இத்தகைய வாக்கைக் கொடுக்க முடியும். ஆட்களை ஆராய்ந்து தெளிவதற்கும், தெளிந்தவரை வினையிலே செலுத்துவதற்கும் திருவள்ளுவர் இரண்டு தனித்தனி அதிகாரங்களை வகுத்தார். விற்னியும் இவ்விரண்டையும் இருவேறு கலைகளாகவே கையாண்டார்.

கூலிட்சுக்குக் கிடைத்த பிரச்சினை இலகுவானதன்று. தங்குதன் கடினமானது, ஆயினும் கண்ணாடிபோல் உடைவது. தூளைப் பசையோடு பிசைந்து, நுண்துளை வழியே பிழிந்து, சுட்டு இழையாக்கினர். அந்த இழை சிறு அதிர்ச்சிக்கும் முறிந்தது. அதனைக் கம்பியாக இழுப்பது இயலாதென்றே பலர் கருதினர். கூலிட்ச் ஊசி செய்யும் ஆலைகளுக்கும் கம்பி இழுக்கும் ஆலைகளுக்கும் சென்று தொழிலாளரின் கைவினையைக் கூர்ந்து நோக்கினார். ஏனைய உலோகங்களைச் சூடாக்கி அடித்தால் அவை இளகும். குளிர்ந்த நிலையில் அடித்தால் இறுகும். தங்குதனோ இதற்கு மாறாக, சூடான நிலையில் அடிக்க அடிக்க, பின்னர் குளிர்ந்த நிலையிலும் வளையும் தன்மையைச் சிறிது சிறிதாகப் பெறுவதை அவர் கண்டார். வெப்பத்தின் அளவு, அடியின் வேகம், தூளின் தூய்மை, அதனோடு சிறிதளவு சேர்க்கும் தோரியம் ஒட்சைட்டு ஆகிய ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சோதித்து ஆண்டுகள் கழிந்தன.

அவ்வாண்டுகளின் நடுவே, 1907ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவிற் பெரும் பணநெருக்கடி ஏற்பட்டது. வங்கிகள் தத்தளித்தன, ஆலைகளில் வேலை குறைந்தது. ஆய்வுகூடத்திலும் பணியாளரைக் குறைக்க நேர்ந்தது. கம்பெனியின் தலைவர்களுக்குச் செலவைப் பற்றி விடை கூறுவதும், தாமே அழைத்து வந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதும் விற்னியின் தலையில் விழுந்தன. அவர் உடலும் மனமும் ஒருங்கே தளர்ந்து படுக்கையில் வீழ்ந்தார். குடல்வால் அழற்சியும் அவரை வருத்தியது. பல மாதங்கள் அவர் பணிக்கு வரவில்லை. கூலிட்ச் பொறுப்பை ஏற்று நடத்தினார். கம்பெனி அவ்வேளையில் ஆய்வுகூடத்தை மூடியிருக்கலாம். மூடாமைக்குக் காரணம், கரியிழை விளக்கின் கதி தங்குதனுக்கும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சமே எனலாம்.

1910ஆம் ஆண்டளவில் தங்குதன் கம்பியாயிற்று. மறு ஆண்டில் அக்கம்பியாலான விளக்குகள் விற்பனைக்கு வந்தன. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிக்கு இப்பொழுது ஒன்றேகால் வாற்று அளவே போதுமானதாயிற்று. எடிசனின் விளக்கு உண்ட மின்சாரத்திற் பாதிக்கும் குறைவு. அதே கம்பியைக் கொண்டு 1913ஆம் ஆண்டிற் கூலிட்ச் புதிய எக்ஸ் கதிர்க் குழாயொன்றை அமைத்தார். வைத்தியர்கள் விரும்பிய அளவிற் கதிரைக் கூட்டவும் குறைக்கவும் அது வழிசெய்தது. மருத்துவமனைகளிற் பின்னாளிற் பயன்பட்ட எக்ஸ் கதிர்க் குழாய்கள் அதன் வழித்தோன்றல்களே. விளக்கிழையைத் தேடிப் போனவர்க்கு வைத்தியர் கையிற் கொடுக்க ஒரு கருவி கிடைத்தது.

லங்மூர் வந்த வரலாறு இதனினும் சுவையானது. புறூக்லினிற் பிறந்து, ஜெர்மனியில் நேர்ன்ஸ்ற்றிடம் பயின்ற இளைஞர் அவர். நியூ ஜேர்சியின் கல்லூரியொன்றிற் பாடஞ்சொல்லும் வேலையே நாள் முழுவதையும் விழுங்கியது, ஆராய நேரமில்லை. 1909ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையைக் கழிக்க ஸ்கெனெக்ரடிக்கு வந்தார். உடனே இன்னதைச் செய்க என்று விற்னி கட்டளையிடவில்லை. ஆய்வுகூடத்தைச் சுற்றிப் பார்த்து, எவ்வினா மனத்தைக் கவர்கின்றதோ அதனை எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். விளக்கினுள் எஞ்சியிருக்கும் வாயு சூடான இழையருகே என்ன ஆகின்றது என்பதை லங்மூர் எடுத்துக்கொண்டார். விடுமுறை முடிந்தது, அவர் கல்லூரிக்குத் திரும்பவில்லை.

மாதங்கள் சென்றன. லங்மூருக்கு ஆராய்ச்சி இன்பமாக இருந்தது. ஆனால் இதனாற் கம்பெனிக்கு என்ன பயன் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த உறுத்தலை விற்னியிடம் வெளிப்படையாகக் கூறினார். பயனைப் பற்றிக் கவலைப்படுவது லங்மூரின் வேலையன்று என்றும், உண்மை எங்கே அழைத்துச் செல்கின்றதோ அங்கே தொடர்ந்து செல்லுமாறும் விற்னி அவருக்கு ஊக்கமளித்தார். இச்சிறு உரையாடலிலே ஓர் ஆராய்ச்சிப் பணிப்பாளரின் முழுக் கடமையும் அடங்கியிருக்கின்றது. கம்பெனி கேட்கும் வினாவுக்கு விடை கூறும் சுமையை அவர் தாம் ஏற்றுக்கொண்டு, இயற்கையை வினவும் சுமையை மட்டும் ஆராய்ச்சியாளரிடம் விட்டார்.

விளக்குக் குமிழ்கள் நாளடைவிற் கறுப்பதற்கு உள்ளே எஞ்சிய வாயுவே காரணம் என்று எல்லோரும் நம்பினர். ஆகவே மேலும் மேலும் நல்ல வெற்றிடத்தை ஆக்க முயன்றனர். லங்மூர் இதற்கு மாறாக, வெவ்வேறு வாயுக்களை வேண்டுமென்றே குமிழினுள் விட்டு, ஒவ்வொன்றும் என்ன தீங்கு செய்கின்றது என்று பார்த்தார். இழையிலுள்ள தங்குதனே ஆவியாகிக் கண்ணாடியிற் படிவதாற் குமிழ் கறுக்கின்றது என்று தெளிந்தார். வெற்றிடத்தை மேம்படுத்துவதால் அது நிற்காது. நைதரசன் அல்லது ஆகன் போன்ற வாயுவை நிரப்பினால் ஆவியாதல் குறையும். வாயு இழையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்ற குறையை, இழையைச் சுருளாக்கி நீக்கினார். 1913ஆம் ஆண்டில் அந்த விளக்கு உலகுக்கு அறிமுகமாயிற்று. அதே ஆராய்ச்சியிலிருந்து உயர் வெற்றிட வால்வுகள் பற்றிய அறிவும் பெருகியது. அறையின் மூலையில் இருக்கும் வானொலிப் பெட்டிக்குப் பல ஆண்டுகள் குரல் கொடுத்த வால்வுகளுக்கும், அந்த ஒளிரும் இழைக்கும் இவ்வாறு உறவு உண்டு.

விற்னி நாள்தோறும் ஆய்வுகூடத்தின் அறைகளைச் சுற்றி வருவார். வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்பதற்குப் பதிலாக, வேலை மகிழ்ச்சியாக இருக்கின்றதா என்றே கேட்பார். மழையாயினும் வெயிலாயினும் உள்ளே வரலாம் என்னும் கருத்துடைய அறிவிப்பு அவருடைய அறைக்கதவில் இருந்தது. வாரந்தோறும் எல்லோரும் கூடித் தத்தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினர். கண்டவற்றை விஞ்ஞான ஏடுகளில் வெளியிடவும் இடமளிக்கப்பட்டது. கேத்தரின் புளொட்ஜெற் என்னும் பெண்மணி 1918ஆம் ஆண்டில் இங்கு சேர்ந்து, பின் கேம்பிறிட்ஜிற் பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்ணாகத் திகழ்ந்தார். பெண்களுக்கு ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் கதவடைத்த காலம் அது.

ஆயினும் இச்சுதந்திரத்துக்கு எல்லையும் இருந்தது. ஒவ்வொருவரும் தாம் செய்தவற்றைக் குறிப்பேட்டில் நாள் தவறாது எழுதிச் சாட்சிக் கையொப்பமும் பெறவேண்டும். ஏனெனில், கண்டுபிடிப்பின் உரிமை கண்டவரைச் சேர்வதன்று, கம்பெனியைச் சேர்வது. அந்த உரிமைகளைக் கொண்டே கம்பெனி விளக்குச் சந்தையைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அதன் ஆதிக்கத்தை எதிர்த்து அமெரிக்க அரசாங்கம் தொடுத்த வழக்கு 1911ஆம் ஆண்டில் உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிந்தது. 1926ஆம் ஆண்டு வழக்கிற் கம்பெனி வென்றது. 1949ஆம் ஆண்டு வழக்கில் தோற்றது. கூலிட்சின் தங்குதன் ஆக்கவுரிமை 1928ஆம் ஆண்டிலும், லங்மூரின் உயர் வெற்றிட வால்வின் ஆக்கவுரிமை 1931ஆம் ஆண்டிலும் நீதிமன்றங்களாற் செல்லாதவையாக்கப்பட்டன. விற்னி பெற்றுக் கொடுத்த அவகாசத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. போட்டியை அஞ்சிய ஒரு பெருநிறுவனம், அந்த அச்சத்தினாலேயே அறிவுக்கு இடங்கொடுத்தது.

முதலாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அத்திலாந்திக் கடலில் நாசம் விளைத்தன. எடிசன் தலைமையில் அமைந்த கடற்படை ஆலோசனைச் சபையில் விற்னியும் உறுப்பினராயினார். 1917ஆம் ஆண்டில் மசாசுசெற்ஸ் கரையிலுள்ள நகந்த் என்னுமிடத்தில் அவருடைய ஆட்கள் நிலையம் அமைத்து, நீரடியிற் செல்லும் கப்பலின் ஒலியைக் கேட்டறியும் கருவிகளைச் செய்தனர்.

போர் முடிந்த பின் ஆய்வுகூடம் பன்மடங்கு பெருகியது. 1920களின் இறுதியில் அங்கே பணிபுரிந்தோர் தொகை 500ஐத் தாண்டியிருந்தது. தலைமைப் பதவியின் பளு எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்கு விற்னி தம் பழைய ஆவல்களை நாடினார். வலிமை மிக்க சிற்றலை வானொலிக் கருவிகளின் அருகே நின்று வேலை செய்தோருக்கு உடற்சூடு ஏறுவதை அவர் கவனித்தார். வேண்டுமென்றே காய்ச்சலை உண்டாக்கிச் சில நோய்களைத் தீர்க்க முடியுமா என்று மருத்துவரோடு சேர்ந்து ஆராயத் தொடங்கினார். தம் பண்ணை நிலத்தில் ஆமைகளைப் பிடித்து, ஓட்டில் அடையாளம் பொறித்து விட்டு, ஆண்டுகள் கழித்து அவை எங்கே திரிகின்றன என்று பார்ப்பது அவருடைய மற்றொரு பொழுதுபோக்கு. நுணுக்குக்காட்டியைக் கண்டு மகிழ்ந்த ஜேம்ஸ்ரவுன் சிறுவன் முதியவரின் உள்ளே உயிரோடிருந்தான்.

1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார மந்தம் எல்லாவற்றையும் மாற்றியது. கம்பெனியின் விற்பனை ஆண்டுதோறும் வீழ்ந்தது. ஆய்வுகூடத்திலிருந்து கணிசமானோரை நீக்க வேண்டியதாயிற்று. 1907ஆம் ஆண்டில் விழுந்த அடி மீண்டும் அதே இடத்தில், முன்னிலும் கடுமையாக விழுந்தது. தாம் நம்பிக்கை கூறி அழைத்தவர்களைத் தாமே வெளியேற்றும் நிலை அவரைப் பெரிதும் வாட்டியது. மனச்சோர்வு அவரை ஆட்கொண்டது. 1932ஆம் ஆண்டிற் பணிப்பாளர் பதவியை விட்டு விலகினார். கூலிட்ச் அவ்விடத்துக்கு வந்தார்.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், பொருள்களின் மேற்பரப்புப் பற்றிய இரசாயன ஆராய்ச்சிக்காக லங்மூருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சூடான இழையருகே வாயு என்ன செய்கின்றது என்று, பயன் தெரியாமலே தொடங்கிய அந்தப் பழைய தேடலின் தொடர்ச்சியே அது. தொழிற்சாலை ஆய்வுகூடத்திற் பணிபுரிந்து அப்பரிசைப் பெற்ற அமெரிக்கருள் அவரே முதல்வர். இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு வந்த இளைஞரை அவர் வழியில் விட்டவர், அப்பெருமை ஆய்வுகூடத்துக்கு வந்தபோது அதன் தலைவராக இருக்கவில்லை.

பதவியை விட்ட பின் விற்னி உடல்நலந் தேறினார். மேலும் பல ஆண்டுகள் அதே கட்டடத்துக்கு வந்து, சிறு அறையொன்றில் தம் சொந்தப் பரிசோதனைகளைச் செய்தார். 1958ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி ஸ்கெனெக்ரடியில் தமது 89ஆம் வயதிற் காலமானார். அதற்குள் டூப்பொன், கொடாக், பெல் ரெலிபோன் முதலிய நிறுவனங்கள் எல்லாம் பெரும் ஆய்வுகூடங்களை நிறுவிவிட்டன. வண்டிக் கொட்டிலிற் பிறந்த எண்ணம் ஒரு நூற்றாண்டின் வழக்கமாயிற்று. ஆயினும், நல்ல காலத்திற் போற்றப்படும் ஆராய்ச்சி கெட்ட காலத்தில் முதலில் வெட்டப்படுவதும் அன்றே தொடங்கிய வழக்கந்தான். அவ்விரண்டுக்கும் நடுவில் ஒருவர் நிற்கவேண்டும் என்பதையும், அவ்வாறு நிற்பது உடலையும் உள்ளத்தையும் உலுக்கும் என்பதையும் விற்னியின் முப்பத்திரண்டு ஆண்டுகள் காட்டின. கட்டடமும் கருவியும் பணத்தால் வரும். அவசரப்படாமல் காத்திருக்கும் ஒருவரை நிறுவனத்தின் தலைமையில் வைத்திருப்பதே அரிது.

கூலிட்சும் லங்மூரும் வகுத்த இழைவிளக்கின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதன் இடத்தை ஒளியுமிழ் இருவாயி விளக்குகள் பிடித்துக்கொண்டன. ஜெனரல் எலெக்ரிக் கம்பெனியே 2024ஆம் ஆண்டிற் பிரிப்பு முற்றுப்பெற்று வெவ்வேறு கம்பெனிகளாகிவிட்டது. விற்னியின் பெயரை இன்று எங்கே கேட்கலாம் எனின், மருந்தியற் கல்லூரிகளிற் கேட்கலாம். வயிற்றில் ஒரு மாத்திரை எவ்வளவு விரைவிற் கரையும் என்று கணிக்கும் மாணவர்கள், நொயிஸ்-விற்னி விதியென்று 1897ஆம் ஆண்டின் அந்தச் சூத்திரத்தையே இன்னும் எழுதுகின்றனர். பிறருடைய ஆராய்ச்சிக்காக அவர் விட்டுக்கொடுத்த சொந்த ஆராய்ச்சி எத்தகையதாக வளர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு எஞ்சிய சான்றுகளுள் அதுவும் ஒன்று.